பக்கத்துப் படுக்கை

வெர்னா ஹால்வர்சன் எங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தது பிப்ரவரி இரண்டாம் வாரம். பறவைகளுக்குத் தீனி போடப் போனவர் பின்வாசல் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள், மறுபடி நடக்கப் பழகும்வரை எங்களிடம் இருக்கட்டும் என்று வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வயது எழுபத்தொன்று. கணவர் இறந்து வெகுநாளாகிறது. ஒரே மகன் அலாஸ்காவில் வேலையில் இருந்தான்.

வேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எங்கள் நிர்வாகி க்ரெக் டன்லப்புக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளில் பெயரைப் பார்த்ததும் அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வெர்னா இருபத்து மூன்று வருடம் மாநில ஆய்வாளராக இருந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் வடபாதியில் எங்களைப் போன்ற இல்லங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நான்கு நாள் தங்கி, சமையலறை, மருந்து அலமாரி, படுக்கை விரிப்பு, நோயாளியின் குதிகால் என்று எல்லாவற்றையும் பார்த்துக் குறை எழுதிவிட்டுப் போகும் வேலை. எங்கள் ஹெம்லாக் பெண்ட் இல்லத்துக்கும் நான்கு முறை வந்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்பு கடைசியாக வந்தபோது ஒரு குறைகூட எழுதவில்லை. குறை எதுவும் இல்லை என்று அவர் கொடுத்த கடிதத்தைச் சட்டம் போட்டு முன்வாசல் சுவரில் மாட்டியிருந்தோம்.

க்ரெக் என்னைக் கூப்பிட்டார். நான் அங்கே பதினோரு வருடமாகப் பிசியோதெரபி உதவியாளர்.

"ஜோலீன், அந்தம்மாவுக்கு நடைப்பயிற்சி நீதான் குடுக்கணும். கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாத்துக்கோ. புரியுதா?"

"கண்ணாடிப் பாத்திரத்த நடக்க வைக்க எனக்குத் தெரியாது, க்ரெக்."

அவர் சிரிக்கவில்லை.

தனி அறை எதுவும் காலியில்லை. பி பிரிவில் இரண்டு பேர் இருக்கும் அறையில் ஜன்னல் பக்கப் படுக்கைதான் இருந்தது. க்ரெக் அங்கே பூங்கொத்தும் பழக்கூடையும் வைக்கச் சொன்னார். வெர்னாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது முன்வாசலில் நிறுத்தச் சொல்லி, தான் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சட்டத்தத் தூசி தட்டியிருக்கீங்க போல" என்றார். அறைக்குப் போனதும் பூவை வெளியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பழத்தை வைத்துக்கொண்டார்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் டோலோரஸ் விட்கோவ்ஸ்கி. எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்கச் செயலிழந்து, இடக்கையிலும் வலுவில்லாமல், பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் ஆளைப் பின்தொடரும். அவரைப் போன்றவர்களை இரண்டு மணிக்கொரு முறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். திருப்பியதும் நடைபாதைச் சுவரில் பதித்திருக்கும் திரையில் உதவியாளர் ஒரு தட்டுத் தட்டிப் பதிய வேண்டும்.

முதல் வாரம் வெர்னா என்ன கேட்டாலும் ஓடினார்கள். அழைப்பு மணியை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வந்து நின்றது. எட்டாம் நாள் பயிற்சிக் கூடத்தில் நடை பழகும் இணைகம்பிகளைப் பிடித்து நின்றபடி என்னிடம் சொன்னார்:

"நான் வேலைல இருந்தப்போ கடிகாரத்த வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். மணி அடிச்சு எத்தன நிமிஷத்துல வர்றாங்கன்னு எழுதுவேன். சீக்கிரம் வந்தா நல்ல இடம்."

"நாங்க சீக்கிரம்தானே வர்றோம்?"

"எனக்கு வர்றீங்க. டோலோரஸ் மணி அடிக்கறதே இல்ல. அவளால முடியாது. மணி அடிக்காதவளுக்கு எத்தன நிமிஷத்துல வந்தாங்கன்னு நான் எங்க எழுதறது?"

சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தார்.

பி பிரிவில் பகலில் வேலை பார்த்தவள் மிஸ்டி லாஃபர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், வாயில் எப்போதும் சூயிங்கம். நாக்கு கூர்மை. கை மென்மை. வாரநாளில் அந்தப் பிரிவுக்கு நான்கு உதவியாளர்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் என்று தாளில் இருக்கும். அதில் ஒருத்தி பெரும்பாலும் வரமாட்டாள். அந்த இரண்டாவது பெயரில் நிஜமாகவே ஓர் ஆள் இருந்தாளா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். முப்பத்தோரு படுக்கை, ஒரு மிஸ்டி.

வெர்னா வந்த இரண்டாவது ஞாயிறு, டோலோரஸ் காலை எட்டு மணிக்கு இடப்பக்கம் படுத்தவர் ஒன்றரை மணிக்கும் அப்படியே இருந்தார். வெர்னா தன் மணியை அழுத்தினார். மிஸ்டி தலைமுடி கலைந்து வந்து நின்றாளாம்.

"மகாராணிக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். அவளத் திருப்பணும்."

"தெரியும்."

"அஞ்சரை மணி நேரம் ஆச்சு."

"வெர்னா, நான் ஒருத்தி. எனக்கு எத்தன கைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. சாப்பாடு ஊட்டணும், கழிவறைக்குக் கூட்டிட்டுப் போகணும், அங்க ஒருத்தர் கீழ விழுந்து கிடக்கறாரு. நீங்க மேல புகார் குடுக்கறதுன்னா குடுங்க. எழுத்துக் கூட்டித் தர்றேன், எல் ஏ எஃப் எஃப் ஈ ஆர்."

"நான் புகார் குடுக்கல. திருப்பணும்னு சொன்னேன்."

மிஸ்டி பெருமூச்சு விட்டு டோலோரஸின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். "வாங்க டோலோரஸ், நாம ரெண்டு பேரும் ஒரு டான்ஸ் ஆடுவோம். உங்க கால மிதிச்சா மன்னிச்சுக்கங்க." டோலோரஸின் வாயின் ஒரு ஓரம் அசைந்தது. அது அவருடைய சிரிப்பு.

அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் மிஸ்டி சுவர்த்திரை முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தது திறந்த கதவு வழியாக வெர்னாவுக்குத் தெரிந்தது. எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி எல்லாவற்றுக்கும் வரிசையாகத் தட்டினாள். தட்டாமல் போனால் மறுநாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டுக் கேட்பார். தட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வெர்னா இரண்டு மணிக்கொரு முறை தவறாமல் மணி அடிக்கத் தொடங்கினார், டோலோரஸுக்காக. மிஸ்டி முதலில் முறைத்தாள். பிறகு பழகிக்கொண்டாள். வாசலில் தலையை நீட்டி, "டான்ஸ் நேரமா?" என்பாள். ஆனால் வெர்னா பயிற்சிக்கு என்னிடம் வந்துவிடும் நேரமும், சாப்பாட்டு அறையில் இருக்கும் நேரமும், தூங்கும் நேரமும் இருந்தன. அப்போது அடிக்க ஆளில்லை.

என் முறையும் ஒரு நாள் வந்தது. பயிற்சி முடிந்து நாற்காலியில் உட்கார வைத்தபோது கேட்டார்.

"செவ்வாக்கிழம எனக்கு எத்தன நிமிஷம்னு எழுதின?"

"அம்பது."

"நான் சுவர்க் கடிகாரத்தப் பாத்துட்டே இருந்தேன். முப்பத்தஞ்சு."

"உங்களத் தள்ளிட்டு வர்ற நேரம், கம்ப்யூட்டர்ல எழுதற நேரம் எல்லாம் சேந்தது அது."

"அதெல்லாம் பயிற்சியா?"

"இல்ல."

"சரி. நாளைக்கு எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். மேலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் காட்டியாக வேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். வீட்டுக்குப் போகும் வழியில் அதை எனக்கே நான்கைந்து தடவை விளக்கிச் சொன்னேன்.

மார்ச் முதல் வாரத்தில், பயிற்சி முடித்து அறையில் கொண்டுபோய் விட்டபோது வெர்னா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாசன வருதா?"

எனக்கு வரவில்லை. சுத்தம் செய்யும் மருந்தின் நெடிதான் வந்தது.

"எனக்கு ரெண்டு நாளா வருது. முப்பது வருஷமா இந்த வாசன எனக்குத் தெரியும். மிஸ்டியக் கூப்பிடு. ரெண்டு பேரும் சேந்து அவளத் திருப்பிப் பாருங்க."

திருப்பினோம். முதுகெலும்பு முடியும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மிஸ்டி அதை மெல்ல உரித்தாள். கால் டாலர் நாணயம் அளவுக்குப் புண். மேலாக இல்லை, ஆழமாக. மிஸ்டி சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள்.

"போன வாரம் சிவப்பாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான் நர்ஸ்கிட்ட சொன்னேன். பாத்துக்கறேன்னாங்க. சத்தியமா சொன்னேன், ஜோலீன்."

டோலோரஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் முகத்தை எங்கள் மூவராலும் பார்க்க முடியவில்லை.

வெர்னா தலைமை நர்ஸை வரவழைத்துச் சொன்னார். அவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "லேசான சிவப்புன்னுதான் பதிவு இருக்கு. கவனிச்சுட்டுத்தான் இருக்கோம்" என்றார். பிளாஸ்திரி மாற்றப்பட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

மாநில ஆய்வுத் துறைக்குப் புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் முன்வாசல் அருகே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். மூன்று நாள் வெர்னா கூப்பிடவில்லை. எனக்கு அது புரியவில்லை. நான்காம் நாள் வாக்கரோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நீங்க ஏன் கூப்பிடல? உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியுமே?"

அவர் நின்றார். மூச்சு வாங்கியது.

"பதினஞ்சு வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு புண்ணு. நான்தான் கண்டுபிடிச்சேன். நாலு பக்கம் எழுதினேன். நல்லா எழுதியிருந்தேன்னு ஆபீஸ்ல பாராட்டினாங்க. இல்லத்துக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தப் படுக்கையப் பாத்துக்கிட்ட உதவியாளரை வேலைய விட்டுத் தூக்கினாங்க. குற இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு பதில் எழுதினாங்க. ஆறு வாரம் கழிச்சு நானே போய்ப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு ஒருத்திதான் அந்த மாடியில ஒழுங்கா வேல பாத்தவ. இன்னொரு கிழவர் எங்கிட்ட சொன்னாரு. அதை எழுத என் படிவத்துல இடமில்ல." வாக்கரை முன்னால் வைத்தார். "நட. குளிருது."

அன்று மதியம் அவர் கூப்பிட்டார்.

அடுத்த செவ்வாய் காலை ஒன்பதரைக்கு இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். பத்து மணிக்குள் எங்கள் இல்லம் வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஊரில் எங்கள் கம்பெனிக்கே சொந்தமான இன்னொரு இல்லத்திலிருந்து ஆறு உதவியாளர்களைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அலுவலகத்துப் பெண்கள் சாப்பாட்டுத் தட்டு சுமந்தார்கள். க்ரெக் தன் கையாலேயே ஒருவருக்குச் சூப் ஊட்டியதைப் பார்த்தேன். தன் சட்டைக்கும் கொஞ்சம் ஊட்டிக்கொண்டார்.

ஆய்வாளர்களில் மூத்தவர் ரஸ்ஸல் ஓல்ட்ஸ். ஐம்பது வயது, கனமான பூட்ஸ், அமைதியான குரல். வெர்னாவுக்கு அவரைத் தெரியாது. வெர்னா ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர். நோயாளிகளைத் தனியாகத்தான் பேட்டி எடுப்பார்கள். வெர்னா என்னையும் உட்காரச் சொன்னார்.

"இவ இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

ரஸ்ஸல் தாளை எடுத்தார். "இங்க உங்கள மரியாதையா நடத்தறாங்களா?"

"நடத்தறாங்க. அந்தக் கேள்விய நான் ஆயிரம் பேர்கிட்ட கேட்டிருக்கேன். அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு வெர்னாவைப் பார்த்தார். "சொல்லுங்க."

"சுவர்த்திரையில என்ன பதிஞ்சிருக்குன்னு பாக்காதீங்க. எல்லாம் அழகா இருக்கும். வேலைப் பட்டியலும் பாக்காதீங்க, அதுவும் அழகா இருக்கும். கடைசி ஆறு ஞாயித்துக்கிழமைக்கு உதவியாளருங்க உள்ள வந்தப்போ அட்டை தேச்ச நேரத்த மட்டும் கேளுங்க. பட்டியல்ல இருக்கற பேரு எத்தன அங்க இல்லன்னு எண்ணுங்க. அப்புறம் படுக்கைய எண்ணுங்க."

"யார் பொய்யாப் பதிஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். அது உங்களுக்கே தெரிஞ்சுரும். ஆனா அதை எழுதறப்போ அன்னைக்கு அவ எத்தன பேரப் பாத்தாங்கற எண்ணிக்கையையும் அதே வரியில எழுதணும். அடுத்த வரியில இல்ல. அதே வரியில."

ரஸ்ஸல் எழுதிக்கொண்டார். பிறகு வழக்கமான கேள்வியாக, "பயிற்சியெல்லாம் எப்படி?" என்றார்.

வெர்னா என் பக்கம் திரும்பவில்லை. "அதை இவகிட்ட கேளுங்க" என்றார்.

ரஸ்ஸல் என்னைப் பார்த்தார். டோலோரஸும் பார்த்தார். நான் சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது இது:

"அம்பதுன்னு எழுதறோம். முப்பத்தஞ்சு குடுக்கறோம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவர் அதையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். வெர்னா பழக்கூடையிலிருந்து மிச்சமிருந்த ஒரே ஆரஞ்சை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் கடுங்கோபம்.

நடந்தது இது. அன்று மாலையே டோலோரஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புண் எலும்புவரை போவதற்குச் சற்று முந்தைய நிலை என்று அங்கே சொன்னார்களாம். மறுநாள் க்ரெக் மிஸ்டியைக் கூப்பிட்டுப் பொய்ப் பதிவு செய்ததற்காக வீட்டுக்கு அனுப்பினார். அவள் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டு வெர்னாவின் அறை வாசலில் நின்றாள்.

"நீங்க என் பேரச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லலன்னாலும் போச்சு."

"தெரியும்" என்றார் வெர்னா. "மன்னிச்சுக்கோன்னு சொன்னா உனக்கு ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"அதான் சொல்லல."

மிஸ்டி காலியாக இருந்த பக்கத்துப் படுக்கையின் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஆய்வறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது. ஆள் போதாமை, அதனால் நோயாளிக்கு நேர்ந்த தீங்கு, பயிற்சி நேரத்தைக் கூட்டிக் காட்டியது என்று பெரிய குறைகள் மூன்று. வெர்னா சொன்னபடியே ரஸ்ஸல் எழுதியிருந்தார்: "அன்று முப்பத்தோரு நோயாளிகளுக்குத் தனி ஒருவராகப் பணியில் இருந்த உதவியாளர், திருப்பாத நேரங்களையும் திருப்பியதாகப் பதிந்தார்." ஒரே வரி. அதைக் காட்டி மிஸ்டி சண்டை போட்டாள். உண்மையில் அதனால் திரும்ப எடுத்தார்களா, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆள் கிடைக்காததால் எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் வேலை பார்த்தாள். பிறகு சீஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் கீழே விழுவதில்லை என்று கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள்.

இல்லத்தில் புது நோயாளிகளைச் சேர்க்க இரண்டு மாதம் தடை இருந்தது. க்ரெக்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று உதவியாளர்கள் வரத் தொடங்கினார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. யாரும் என்னோடு மதியம் சாப்பிட உட்காரவில்லை, அவ்வளவுதான். ஜூனில் நானே விலகி, பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.

வெர்னா மார்ச் கடைசியில் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார். மே மாதம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கோபம் போய்விட்டிருந்தது. காபி கொடுத்தார். பழைய கடிதத்தைப் பற்றி நான்தான் கேட்டேன், ஒரு குறையும் இல்லை என்று எழுதியது பொய்யா என்று.

"பொய் இல்ல. அந்த நாலு நாளும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மீதி முன்னூத்து அறுபத்தொரு நாளுக்கும் சேத்து நான் கையெழுத்துப் போட்டேன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்." சர்க்கரையைக் கலக்கினார். "வேற வழி இருந்துச்சான்னு இன்னும் யோசிக்கறேன். கிடைக்கல."

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். டோலோரஸின் மகள் ரோக்சான். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வேறு இல்லத்தில் சேர்க்க வேண்டும், மூன்று இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன், எது நல்லது என்று கேட்க வந்திருந்தாள். இணையத்தில் இல்லங்களுக்குக் கொடுத்திருக்கும் நட்சத்திர மதிப்பீடுகளை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

வெர்னா அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்கும் சொல்லாம போ. சாப்பாட்டு நேரத்துக்குப் போ. நடைபாதையில ஒரு நாற்காலியப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காரு. என்ன தெரியுதோ அதுதான்."

"என்ன பாக்கணும்?"

"பேசாதவங்க பக்கத்துல யாராவது போறாங்களான்னு பாரு."

ரோக்சான் அப்படியே செய்தாள். பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். முதல் இடத்தில் ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே அவளை வரவேற்பறைக்கு அழைத்துப் போய்விட்டார். இரண்டாவது இடத்தில் ஒரு மணி நேரமும் அந்தப் பக்கம் யாருமே வரவில்லை. மூன்றாவது பழைய கட்டடம். முட்டைக்கோஸ் வேகும் வாசனை. தரை தேய்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது இரண்டு கையிலும் தட்டோடு ஓர் உதவியாளர் வேகமாக வந்து அவள் முன்னால் நின்றாள்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மாத்தானே இருக்கீங்க? இதக் கொஞ்சம் புடிங்க" என்று ஒரு தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் நாற்காலியில் சரிந்து கிடந்த, பேச்சே இல்லாத ஒரு கிழவரின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் காலில் கழன்றிருந்த காலுறையை இழுத்து மாட்டினாளாம். மாட்டி முடிக்கும்வரை ரோக்சான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டோலோரஸை அங்கேதான் சேர்த்தார்கள். புண் ஆகஸ்டில் மூடியது. அடுத்த வருடம் நவம்பர் கடைசியில், மான் வேட்டைக்காக ஊரே காட்டுக்குள் போயிருந்த வாரத்தில், அவர் நிமோனியாவில் இறந்தார். முதுகில் புதுப் புண் எதுவும் இல்லை என்று ரோக்சான் வெர்னாவுக்கு எழுதியிருந்தாள்.